நேரளக்கட்டே நீர்நாய்கள்

மண்டி மொஹல்லா, மைசூரு
20 பிப்ரவரி 2026

கனகாவுக்கு,

போனில் உன்னை பிளாக் செய்திருக்கிறேன். கோபத்தில் செய்தேன் என்று நினைக்காதே. நீ "ஏனக்கா இப்படி" என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கேட்க வந்ததை மறந்துவிட்டு உனக்கு டீ போட அடுப்படிக்குப் போகிறவள் நான். கடிதத்தில் உன்னால் இழுக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்வி ஒன்றுதான். நேரளக்கட்டே ஹின்னீரில் நீர்நாய் குட்டி போட்டிருக்கும் இடத்தை ரிசார்ட்காரர்களிடம் யார் சொன்னது?

அணைக்கட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீருக்குள் எங்கு பார்த்தாலும் நாணல். வலை போடுகிறவர்களே அந்த வளைவுப் பக்கம் வருவதில்லை. கனோவை நாணலுக்குள் சொருகி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கையாலேயே தண்டுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்தான் அந்தப் பாறையும் அதற்கடியில் இருக்கும் வளையும் கண்ணில் படும். வழி தெரிந்தவர்கள் நீயும் நானும். போன ஞாயிறு நான் தனியாகப் போனேன். பாறைக்கு நேர் எதிரே மூங்கில் நட்டு மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். மோட்டார் படகு திரும்புகிற இடமாம்! அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் அவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

நீயோ சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியிருக்கிறாய். திருவிழா முடிந்துவிட்டது. நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கேட்டேன். லீவை நீட்டிவிட்டு ராமாபுரத்தில் அம்மா வீட்டிலேயே இருக்கிறாயாம். ஏன்?

இப்போது உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக உறுத்துகிறது. ஜனவரி மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்னால் நீ வந்திருப்பாய். கனோவின் அடிப்பக்கம் ஏற்கெனவே நனைந்திருக்கும். கேட்டால், "மழைத்தண்ணி நின்னுச்சுக்கா, எறைச்சு ஊத்தினேன்" என்பாய். ஜனவரியில் மைசூரில் ஏது மழை? உன் கையில் பாத்திரம் துலக்கும் சோப்பு வாசனை. உன் சீட்டுக்கடியில் ஒரு கருப்புப் பை. நான் திரும்பினால் காலால் தள்ளி மறைப்பாய். நான் முன்னால் கேமராவோடு உட்காருகிறவள். பின்னால் துடுப்புப் போடுகிற நீ என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

ரிசார்ட்காரர்கள் மோட்டார் படகு விட அனுமதி கேட்டிருப்பதன்மேல் மார்ச் 11 அன்று விசாரணை. மோட்டார் படகுக்கு அனுமதி கிடைத்தால் அந்தக் குட்டிகள் பிழைக்காது. போன வருஷம் அதிகாரி "நீர்நாய் இருக்குன்னு சும்மா சொன்னா ஆச்சா, ஆதாரம் எங்கம்மா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த முறை தாயும் குட்டிகளும் மீனோடு நிற்கிற படங்கள் நம்மிடம் இருக்கின்றன. நம்மிடம் என்று எழுதிவிட்டேன். என்னிடம் இருக்கின்றன.

ரிசார்ட்டில் உனக்கு ஏதாவது வேலை தருவதாகச் சொன்னார்களா? நேராகச் சொல்லிவிடு. உன்னிடம் இருக்கும் கனோவின் பூட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பு.

விக்டோரியா


ராமாபுரம்
24 பிப்ரவரி

விக்டோரியா டீச்சருக்கு,

போனில் பிளாக் பண்ணிவிட்டு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிற பெண்ணை என் பிறவியில் இப்போதுதான் பார்க்கிறேன். தபால்காரர், "என்ன கண்ணு, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படித்தானே எழுதியிருக்கிறாய்? அம்மா ஓடிவந்து, "ஆரு எழுதியிருக்கறா, அந்த டீச்சரம்மாளா? சௌக்கியமா இருக்கறாளாமா?" என்றாள். "ஒடம்பு சௌக்கியந்தான், புத்திதான் கெட்டுப்போச்சு" என்றேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். ரிசார்ட்காரன் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. அவனிடம் வேலைக்குப் போய் நிற்கிற அளவுக்கு என் வீட்டில் அடுப்பு அணைந்துவிடவில்லை. நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் உன் பாடு.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வந்தது நிஜம். எதற்கு என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். உன் பள்ளிக்கூட வாசல் பலகையில் அந்த நீர்நாய்ப் படத்தை மாட்டினாயே, கீழே என்ன எழுதியிருந்தது? "படம்: விக்டோரியா." அவ்வளவுதான். நீ கேமராவைக் கண்ணில் வைத்ததும் படகு ஆடக்கூடாது என்று துடுப்பைச் சேற்றில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொசு கடித்தாலும் அசையாமல் இருந்தவள் பேர் எங்கே? பரவாயில்லை என்று விட்டேன். பிறகு படகுக்கு எதிரான விசாரணை மனுவில் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன் பள்ளிக்கூட டேவிஸ் சாரின் கையெழுத்து இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதையும் விட்டேன். பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் என் சீட்டில் ஓர் ஆம்பளைத் தொப்பி கிடந்தது! வழி தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும் என்றால் அந்தத் தொப்பி தானாக நீந்தி வந்ததா? ரிசார்ட்காரனிடம் சொன்னது யார் என்று என்னிடம் கேட்கிற நீ, அந்தத் தொப்பிக்காரரிடம் ஒருமுறை கேட்டுப்பார்.

சாவி தர மாட்டேன். கனோவில் முன்பாதி உன்னுடையது, பின்பாதி என்னுடையது. வேண்டுமென்றால் ரம்பம் கொண்டு வந்து அறுத்து எடுத்துக்கொண்டு போ.

கனகா


மண்டி மொஹல்லா
1 மார்ச்

கனகா,

தொப்பி டேவிஸுடையதுதான். பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கி வெயிலுக்கு நான் போட்டுக்கொண்டது. அவர் தண்ணீரில் கால் வைத்ததில்லை, நீச்சல் தெரியாது. மனுவுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்றார்கள். உன்னிடம் கேட்கலாம் என்று போன் செய்தபோது, "இப்ப முடியாதுக்கா, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். அன்று ஞாயிற்றுக்கிழமை. என்ன வேலை?

அந்த வேலை என்ன என்று எனக்கு நேற்று தெரிந்துவிட்டது.

விசாரணைக்காகப் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கூடத்தில் கட்டில்மேல் பரப்பியிருந்தேன். அம்மா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். குட்டியைப் பார்த்து "அய்யோ செல்லமே" என்றாள். அடுத்த நொடி, "ஏய் விக்கி, இது மத்தி ஆச்சே!" என்றாள்.

"மீன்மா அது. அதோட மீன்" என்றேன்.

"மீனுன்னு எனக்குத் தெரியாதா? இது மத்திடீ. வெள்ளிக்கிழமை நம்ம தெருக்கோடி கடையில வாங்கி வறுத்தமே, அதே மத்தி. கடல் மீனு ஆத்துத் தண்ணியில எப்படிடீ வந்துச்சு? பஸ் புடிச்சா?"

ரெபேக்கா என்கிற என் அம்மாவுக்குப் படிப்பு ஏழாம் வகுப்பு வரைதான் என்றாலும் மீன் விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். உடம்பு ஒல்லி, முதுகில் நீலப்பச்சை மினுமினுப்பு. ஆற்றில் கிடைக்கும் கெண்டையும் இல்லை, ஜிலேபி மீனும் இல்லை. உயிரியல் பாடம் நடத்துகிற நான் இரண்டு மாதமாக அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீர்நாயின் மீசையைப் பார்த்தேன், குட்டியின் கண்ணைப் பார்த்தேன். வாயில் இருந்ததைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லா நல்ல படத்திலும் மத்தி. எல்லாமே நீ எனக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தவை. நீ வராமல் நானே போன நாட்களில் ஒரு வாலோ நீர்க்குமிழியோ தவிர ஒன்றும் கிடைத்ததில்லை. கருப்புப் பை, நனைந்த படகு, சோப்பு வாசனை எல்லாம் இப்போது புரிகிறது.

மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள் நீ. எங்கள் வீட்டில் குழம்பு கொதித்தால் வாசல்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போவாய். நீயாக மீன் வாங்கினாய் என்று யாராவது சொன்னால் நான் நம்புவேனா? யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். யார் கொடுப்பார்கள் என்றும் யோசித்துவிட்டேன். நான் இந்தப் படங்களை விசாரணையில் நீட்டியதும் ரிசார்ட்டு வக்கீல் எழுந்து, "இது கடல் மீன், இந்தம்மா தீனி போட்டு எடுத்த படம்" என்பார். என் பேச்சுக்கு அப்புறம் என்ன மதிப்பு? இதற்காகத்தான் உன்னை என் பின்னால் உட்கார வைத்தார்களா?

இல்லை என்று சொல். சொன்னாலும் நம்புவேனா என்று எனக்கே தெரியவில்லை.

விக்டோரியா


ராமாபுரம்
5 மார்ச்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு ஒட்டவைத்து இன்னொரு முறை படித்தேன். யாரோ என்னை உன் பின்னால் உட்கார வைத்தார்களாம்! இந்த வார்த்தையை எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

மீனை நான்தான் வாங்கினேன். என் காலால் நடந்து போய், என் வாயால் கேட்டு வாங்கினேன். உன் வீட்டுத் தெருவிலேயே, உன் அம்மா வாங்குகிற அதே கடையாகத்தான் இருக்கும். துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "யாவ மீன் பேக்கு மேடம்?" என்றார். எந்த மீன் வேண்டும் என்று கேட்டால் எனக்கு என்ன தெரியும்? பளபளவென்று எது இருந்ததோ அதைக் காட்டினேன். "வறுக்கவா, குழம்புக்கா?" என்றார். "நாய்க்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆற்று மீன், கடல் மீன் என்று இரண்டு உண்டு என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. என்னைப் பொறுத்தவரை மீன் என்றால் மீன்.

ஏன் வாங்கினேன் என்று கேட்பாய். போன வருஷம் அந்த அதிகாரி சிரித்தாரே, அதற்கு அடுத்த ஞாயிறு நாம் தண்ணீரில் போனோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், உன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. கேமராவைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்தாய். முன்னால் இருக்கிறவளுக்குப் பின்னால் இருக்கிறவள் தெரியாமல் இருக்கலாம். பின்னால் இருக்கிறவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு நல்ல படம் கிடைத்துவிட்டால் உன்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால் நீ வருவதற்கு முன்னால் கனோவை எடுத்துக்கொண்டு போய்ப் பாறைமேல் மீனை வைத்துவிட்டு வந்தேன். உனக்குத் தெரிந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாய். விலங்குக்குத் தீனி போட்டுப் படம் எடுக்கிறவர்களை நீ எப்படித் திட்டுவாய் என்று கேட்டிருக்கிறேனே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் குறைமாசத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறியபோது, "இந்தப் புள்ள பொழச்சா, சாவற வரைக்கும் மீனு கறி தொடாது சாமி" என்று அம்மா மாதேஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டாள். தொடாது என்றால் தின்னாமல் இருப்பது மட்டுமில்லை. எங்கள் வீட்டில் கருவாட்டுக்காரர் தெருவில் போனால் கதவைச் சாத்துவார்கள். அந்தக் கையால் நான் மீனை அள்ளினேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. சிவராத்திரிக்கு மலைக்குப் போனது மன்னிப்புக் கேட்கத்தான். உன்னிடம் சொல்லிவிட்டுப் போனால் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது என்றுதான் லீவையும் நீட்டினேன்.

நான் செய்தது தப்பென்றே இருக்கட்டும். படத்தைப் போடு. ஒரு மத்தியைக் கண்டுபிடிக்க உன் அம்மா மாதிரி ஆள் வேண்டும், ரிசார்ட்டு வக்கீலுக்கு அவ்வளவு தெரியாது. நான் வாயைத் திறக்க மாட்டேன். குட்டிகள் பிழைத்தால் போதும்.

கனகா


மண்டி மொஹல்லா
12 மார்ச்

கனகா,

நேற்று விசாரணை முடிந்து வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது, படத்தைப் போட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். அப்போதும் எனக்கு உன்மேல் முழு நம்பிக்கை இல்லை. நாளைக்கு நம் இருவருக்கும் சண்டை வந்தால் நீயே ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாயோ என்று நினைத்தேன். உன் நேர்ச்சையைப் படித்துவிட்டு அழுதவளும் நான்தான், இப்படி நினைத்தவளும் நான்தான். என்ன செய்வது, என் மனசு அப்படி.

என் முறை வருவதற்கு முன்னால் ரிசார்ட்டு மேனேஜர் எழுந்தார். கையில் ஒரு வீடியோ. இடம் குறிக்க வந்த அவர்களுடைய படகு நடுத்தண்ணீரில் நிற்கிறது. தாயும் குட்டிகளும் நீந்திக்கொண்டு நேராகப் படகை நோக்கி வருகின்றன. தாய் தண்ணீரிலிருந்து நெஞ்சு வரை எழுந்து, படகு விளிம்பில் இரண்டு கையையும் வைத்து வாயைத் திறக்கிறது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் "அய்யோ பாவம்", "எஷ்டு முத்தாகிதே", எவ்வளவு செல்லம் என்று கொஞ்சினார்கள். "இங்கே பாருங்க சார், இதுங்களுக்குப் படகுன்னா பயமே இல்ல. டூரிஸ்ட் வந்தா சந்தோஷந்தான் படும். இதுங்க பின்னாடியே போய்த்தான் அந்த வளைவையே கண்டுபிடிச்சோம்" என்றார் மேனேஜர்.

ஆக, இடத்தை யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை, தொப்பிக்காரரும் சொல்லவில்லை. நீர்நாய்களே முன்னால் போய் வழி காட்டியிருக்கின்றன. முதல் கடிதத்தில் நான் உன்னைக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்தான். மீனுக்கு இல்லை.

என் பையில் இருந்த படங்களை எடுத்து நீட்டியிருந்தால் அவர் சொன்னதற்குத்தான் சாட்சியாகியிருக்கும். மனிதர்கள் பக்கத்தில் நிம்மதியாகத் தின்கிற நீர்நாய்! சும்மா இருந்தாலும் தோற்றோம். மோட்டார் படகு ஓடுகிற அன்றைக்கும் அது இப்படித்தான் வந்து விளிம்பில் கை வைக்கும், அடியில் மோட்டாரின் விசிறி சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் காட்சியை நினைத்ததும் எழுந்துவிட்டேன்.

"சார், அது பயமில்லாம வரல. படகு வந்தா மீன் கெடைக்கும்னு பழகியிருக்கு. பழக்கினது நாங்க. மோட்டார் படகு விட்டா மொதல்ல சாவறது இந்தத் தாய்தான்" என்றேன். கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன் போல. பக்கத்தில் டேவிஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வக்கீல் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "நாங்கன்னா யாரு?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். கடையையும் சொன்னேன். மத்தி என்று சொன்னேன்.

நல்ல படம் எதையும் கொடுக்கவில்லை. நீ வராத நாட்களில் எடுத்த மங்கல் படங்களைக் கொடுத்தேன். அதில் ஒரு வால், ஈரச் சேற்றில் கால் தடம், செதிலோடு கிடக்கும் எச்சம். அதிகாரி அவற்றைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "வாய் வார்த்தை ஆகாது. மீன் போட்டவங்க நேர்ல வந்து, எப்படிப் போட்டோம், எத்தனை நாள்ல பழகிச்சுன்னு சொல்லணும். அதக் கேட்டுட்டுத்தான் படகு விஷயம் முடிவாகும்" என்றார். 25ஆம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

உன்னைத் தவிர அதைச் சொல்ல யாருமில்லை. நீ வந்தால் உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பேப்பரில்கூட வரலாம். வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். இதையும் நீ நம்பப் போவதில்லை.

போனில் பிளாக்கை எடுத்துவிட்டேன்.

விக்டோரியா


ராமாபுரம்
17 மார்ச்

அக்கா,

பிளாக்கை எடுத்ததற்கு ரொம்ப நன்றி. நான் போன் பண்ண மாட்டேன். உன் வழி எனக்கும் பிடித்துவிட்டது. குரலைக் கேட்டால் நானும் இளகிவிடுவேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். யாரோ பேப்பரைப் படித்துவிட்டு வந்து சொல்வதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று, மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவளை உட்கார வைத்துச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை. மறுநாள் காலையில் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "உன்ற உசுருக்காவ நேந்துக்கிட்டன். நீ இன்னொரு உசுருக்காவத் தொட்டிருக்கற. சாமிக்கு எது பெருசுன்னு எனக்குத் தெரியாது கண்ணு. போயி உள்ளதச் சொல்லிப்போட்டு வா" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

அவளுக்கு இன்னும் பயம் போகவில்லை. ராத்திரி நான் இருமினால் விளக்கைப் போட்டுப் பார்க்கிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தத் தாய் படகு விளிம்பில் கை வைப்பதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. என்னைத் தேடித்தானே வந்திருக்கிறது! மீன்காரி வந்துவிட்டாள் என்று வந்திருக்கிறது.

25ஆம் தேதி வருகிறேன். கொள்ளேகாலில் பஸ் மாறி நேராக ஆபீசுக்கு வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்காதே. எந்தக் கடை, எந்தப் பாறை, எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது ஒளியாமல் வந்தது என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். வக்கீல் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒன்றே ஒன்று. "பழக்கினது நாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ அங்கே அப்படித்தான் சொன்னாயா? இல்லை, "கனகா பழக்கினாள்" என்று சொல்லிவிட்டு, என்னை வரவழைக்க இப்படி எழுதினாயா? பள்ளிக்கூடப் பலகையைப் பார்த்தவள் நான், சந்தேகம் வராமல் இருக்குமா? அந்த அதிகாரியிடம் முதல் வேலையாக அதைத்தான் கேட்கப் போகிறேன். நீ எழுதியது பொய் என்றாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன். சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

நிஜம் என்றால் உன் பக்கத்தில் உட்காருவேன். எதற்கும் ஒரு நாற்காலி பிடித்து வை.

கனகா